ஊர் மாறியது, வீடு மாறவில்லை: கிட்டங்கி வாழ்க்கை பற்றிச் சில குறிப்புகள்

முன்பின் தெரியாத நாட்டில் போய் வாழப் பழகுவதற்கு மனிதர்கள் ரெண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, அந்த ஊர்க்காரர் ஒருவருடைய வீட்டுக்குள்ளேயே போய்த் தங்கிவிடுவது. இன்னொன்று, நம்ம வீட்டையே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிடுவது.

முதல் வழிக்கு நல்ல உதாரணம் மங்கோலியா. அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு 1991இல் அங்கே வேலையைத் தொடங்கியது. அதில் சேர்ந்து போகிறவர்களை, பயிற்சிக் காலத்தில் ஓர் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வைப்பார்கள். மொழி தெரியாது, சாப்பாடு பழக்கமில்லை, யாரையும் தெரியாது. போய் இறங்கிய நாளிலிருந்து எல்லாமே பாடம்தான். 'கெர்' என்கிற அந்த வட்டக் கூடாரத்துக்குத் தெற்கே வாசல். உள்ளே நுழையும்போது நிலைப்படியை மிதிக்கக் கூடாது. மேற்குப் பக்கம் ஆண்களுக்கும் விருந்தாளிக்கும். கிழக்குப் பக்கம் பெண்களுக்கும் சமையலுக்கும். வாசலுக்கு நேர் எதிரே வடக்கில் இருப்பது மரியாதைக்குரியவர்கள் உட்காரும் இடம். நடுவில் கூரையைத் தாங்கும் ரெண்டு கம்பங்களுக்கு இடையே புகுந்து போகக் கூடாது. கொடுப்பதை வலது கையால் வாங்க வேண்டும். உப்புப் போட்ட பால் தேநீர் நீட்டினால் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். தூரத்தில் வரும்போதே 'நாயைப் பிடிங்க' என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவதுதான் அந்த ஊர் காலிங் பெல்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நிலைப்படியில் உட்காராதே, வலது கையால வாங்கு, முகப்பைத் தாண்டி உள்ளே போகாதே. பள்ளத்தூரில் வளர்ந்த எவனுக்கும் இந்தப் பட்டியல் புதுசு கிடையாது. அப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பர்மா, மலேயா, இலங்கை, வியட்நாம் என்று போய்வந்த ஊர் எங்கள் ஊர். அப்படிப் போனவர்கள் அங்கே யார் வீட்டில் தங்கினார்கள்? எப்படிப் பழகினார்கள்?

பதில்: யார் வீட்டிலும் தங்கவில்லை. அவர்கள் ரெண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வழிக்குப் பெயர் கிட்டங்கி.

யார் போனார்கள், எப்படிப் போனார்கள்

காரைக்குடிப் பக்கம் வராதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டை என்று விரியும் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் 19ஆம் நூற்றாண்டு முழுக்கக் கடல் கடந்து போய் வட்டித் தொழில் செய்தார்கள். 1852இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. நெல் போடக் காடு திருத்த வேண்டும், காடு திருத்தக் கடன் வேண்டும். விவசாயிக்கு ஐரோப்பிய வங்கிகள் கடன் கொடுக்காது. அந்த இடைவெளியில்தான் செட்டியார்கள் உட்கார்ந்தார்கள். இன்று முருகப்பா குழுமம் என்று நாம் அறிகிற நிறுவனமும், பள்ளத்தூர் ஏ.எம்.முருகப்ப செட்டியார் 1900இல் பர்மாவில் தொடங்கிய தொழிலிலிருந்து வளர்ந்ததுதான்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலும் முதலாளி ஊரில்தான் இருப்பார். கடல் கடந்து போய்க் கடையை நடத்துகிறவர் சம்பளத்துக்கு இருக்கும் ஏஜெண்ட். அவருக்கு மேலாள் என்று பெயர். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன்: பணப்பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் கற்கிறவன். பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு வயசு. பொதுவாக ஒரு தவணை மூணு வருஷம். போகும் முன்னாலேயே சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலேயே குடும்பத்திடம் கொடுத்துவிடுவார்கள். மூணு வருஷம் முடிந்து கணக்கு ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்ப முடியும். பெண்கள் போவது ரொம்ப காலத்துக்கு வழக்கத்தில் இல்லை. வீட்டையும் நிலத்தையும் கொடுக்கல் வாங்கலையும் ஊரில் ஆச்சிமார்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, பதினாலு வயசுப் பையன். மொழி தெரியாத நாடு. மூணு வருஷம் அம்மா முகத்தைப் பார்க்க முடியாது. இந்தப் பையன் எப்படி உடைந்து போகாமல் இருந்தான் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

கிட்டங்கியில் ஒரு நாள்

கிட்டங்கி என்றால் கிடங்கு. சரக்கு வைக்கும் இடம். மலாய் மொழியின் 'கூடாங்' என்ற சொல்லும் நம்ம கிடங்கும் ஒரே குடும்பம்தான். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட், ரங்கூனில் மொகல் ஸ்ட்ரீட், பினாங்கில் பினாங் ஸ்ட்ரீட் என்று துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கிட்டங்கிகள் இருந்தன.

உள்ளே ஒரு நீளமான கூடம். ரெண்டு ஓரமும் வரிசையாகப் பெட்டிகள். ஒரு மரப்பெட்டகம், முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிற உயரத்தில் ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். அவ்வளவுதான் ஒரு கடை. நாற்காலி கிடையாது, தடுப்புச் சுவர் கிடையாது. அடுத்த ஆறடியில் இன்னொரு கடை. பகலில் அது அலுவலகம். ராத்திரி அதே இடத்தில் பாயை விரித்தால் படுக்கையறை. பின்னால் பொதுச் சமையல்கட்டு. ஊரிலிருந்து வந்த சமையல்காரர்.

என் நண்பனின் ஐயா (செட்டிநாட்டில் ஐயா என்றால் தாத்தா) 1949 வாக்கில் பெட்டியடிப் பையனாகப் பினாங்குக்குப் போனவர். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறி, ஏறக்குறைய ஒரு வாரம் வாந்தி எடுத்துக்கொண்டே போய் இறங்கியதாகச் சொல்வார். 2011இல் ரெண்டு மூணு மாலை நேரங்கள் அவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். அதில் ஒரு நாளின் ஒழுங்கு இப்படி இருந்தது.

விடியறதுக்கு முன்னாடி பையன்தான் முதலில் எழணும். பாயைச் சுருட்டி, தன் கடை இடத்தைப் பெருக்கி, பெட்டகத்தைத் துடைத்து, தண்ணீர் எடுத்து வைக்கணும். குளித்து, திருநீறு பூசி, சாமி விளக்குப் பார்த்த பிறகுதான் வாயில் காப்பி. மேலாள் உட்கார்ந்ததும் முந்தின நாள் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுகிற வேலை. முதலில் பையனுக்குப் பார்க்க மட்டும் அனுமதி. அப்புறம் நகல் எடுக்க. பல மாசம் கழித்துத்தான் சொந்தமாக ஒரு வரி எழுத. பகலில் வசூல்: சீனர் கடை, மலாய்க்கார அரசு ஊழியர், தமிழ்த் தோட்டத்துக் கங்காணி என்று நடையாய் நடந்து வட்டி வாங்கி வருவது. சாயங்காலம் திரும்பிய பிறகு இருப்பு எண்ணணும். கணக்கில் உள்ள தொகையும் கையில் உள்ள தொகையும் காசு பிசகாமல் ஒத்துப்போனால்தான் சாப்பாட்டுக்கு எழ முடியும். ஒரு தடவை அஞ்சு காசு இடித்ததற்காக ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மூணு பேரும் பட்டினியாக உட்கார்ந்து தேடினார்களாம்.

"அழுதீங்களா ஐயா?" என்று கேட்டேன். முதல் ஒரு மாசம் குளிக்கிற இடத்தில் மட்டும் அழுவேன் என்றார். வேற எங்கே அழ முடியும், கூடத்தில் ஒளிய ஒரு சுவர் கிடையாதே! ஆனால் அவர் உடனே சேர்த்துச் சொன்னதுதான் முக்கியம். அங்கே எதுவும் புதுசாகத் தெரியவில்லையாம். சாப்பாடு நம்ம சாப்பாடு. பேச்சு நம்ம பேச்சு. தகர டின்னில் ஊரிலிருந்து வத்தலும் ஊறுகாயும் வரும். பக்கத்துப் பெட்டியில் இருந்தவர் கோட்டையூர்க்காரர், அவர் தங்கையைப் பள்ளத்தூரில் கொடுத்திருந்தது. எதிர்ப் பெட்டிக்காரர் அப்பச்சிக்குத் தெரிந்தவர். ரெண்டு மாசத்தில் பழகிவிட்டதாம். "எதுக்குப் பழகினீங்க? மலேயாவுக்கா?" என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்டங்கிக்குப் பழகினேன்" என்றார்.

அந்தப் பதிலை நான் பல வருஷமாக மனசில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

வளவும் கிட்டங்கியும்

செட்டிநாட்டு வீட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலிய மார்பிளையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வீடு எப்படி ஓடியது என்பது அதைவிட வியப்பான சங்கதி.

முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஆனால் இது நாம் நினைக்கிற மாதிரி ஒரே உலை, ஒரே சோறு என்ற கூட்டுக்குடும்பம் இல்லை. கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் மகனை 'வேறு வைத்து' விடுவார்கள். அவனுக்குத் தனி அடுப்பு, தனி வரவு செலவு. நகரத்தார் கணக்கில் ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. கோயிலுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் புள்ளி வரி தனித்தனியாகக் கட்ட வேண்டும். கூரை ஒன்று, சாமி ஒன்று, கல்யாணம் காரியம் எல்லாம் பொது. பணம் மட்டும் தனி.

இப்போது கிட்டங்கியைப் பாருங்கள். கூரை ஒன்று. சமையல்கட்டு பொது. சாமி பொது, போன இடத்திலெல்லாம் தண்டாயுதபாணிக்கு ஒரு கோயில் எழுந்தது, சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயிலுக்கு 1859இல் குடமுழுக்கு ஆகிவிட்டது. லாபத்தில் மகமை எடுத்து அந்தக் கோயிலுக்குக் கொடுப்பது பொது. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி விலாசம், தனிப் பேரேடு, தனி ஐந்தொகை. (விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை. தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த கடைப்பெயர். பள்ளத்தூரில் இன்றும் ஏ.எம்.எம். மருத்துவமனை என்று பெயர்ப்பலகையில் இருப்பது அப்படிப்பட்ட எழுத்துகள்தான்.)

வளவில் அறைகள் இருக்கிற இடத்தில் கிட்டங்கியில் பெட்டிகள். புள்ளி இருக்கிற இடத்தில் விலாசம். ரெண்டும் ஒரே வரைபடம். ஒரே கூரையின் கீழ், ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் பட்டுக்கொண்டே, ஆனால் அடுத்தவர் பணத்தைத் தொடாமல் வாழ்வது எப்படி என்பதைப் பையன் அஞ்சு வயசிலேயே வீட்டில் கற்றுவிட்டான். எண்சுவடியும் வட்டி வாய்ப்பாடும் திண்ணையிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. கிட்டங்கிக்குப் போனபோது அவன் பழக வேண்டியது கொஞ்சம்தான்.

என்னைப் போல மென்பொருள் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வரியில் சொல்வதானால், கிட்டங்கி ஒரு கண்டெய்னர். ஒரு புரோகிராம் ஓடத் தேவையான அத்தனை சார்புகளையும் கூடவே கட்டி அனுப்பிவிட்டால், எந்த மெஷினில் இறக்கினாலும் ஓடும். மெஷினைப் பற்றி அது எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஏன் உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கவில்லை?

'சாதி ஆசாரம், சாப்பாடு' என்பதுதான் உடனே வரும் பதில். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி தொழில் சம்பந்தப்பட்டது.

செட்டியார் கடைகளின் பலம் சொந்த மூலதனம் மட்டும் இல்லை. ஒரு கடை இன்னொரு கடையிடம் கடன் வாங்கும். இன்றைக்குப் பத்தாயிரம் தேவை என்றால் எதிர்ப் பெட்டிக்காரர் கொடுப்பார், நாளைக்கு அவருக்கு இவர் கொடுப்பார். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியைக் கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். ரங்கூனில் உண்டியல் எழுதினால் மதராசில் பணமாகும். ஆக மொத்தம் ஒரு வங்கி அமைப்பே நம்பிக்கையின் பேரில் ஓடியது.

நம்பிக்கைக்குத் தகவல் வேண்டும். இன்றைக்கு வங்கிகள் சிபில் ஸ்கோர் பார்க்கின்றன. அன்றைக்கு அந்த ஸ்கோரைக் காட்டியது கிட்டங்கிக் கூடம். யார் எத்தனை மணிக்குத் திரும்புகிறார், யார் சீட்டாடப் போகிறார், யார் பெட்டிக்குப் பழைய கடன்காரன் திரும்பத் திரும்ப வந்து கையை விரிக்கிறான், யார் முகம் நாலு நாளாகச் சரியில்லை. சுவரே இல்லாத கூடத்தில் எதையும் மறைக்க முடியாது. மறைக்க முடியாதது ஊருக்குக் கடிதமாகப் போகும். அடுத்த கப்பலில் பள்ளத்தூர் வந்துவிடும். ஏஜெண்டின் பெயர் கெட்டால் அவர் மகனுக்குப் பெண் கிடைக்காது. தனியாக ஒரு பர்மியர் வீட்டு மாடியில் தங்கியிருக்கிற ஏஜெண்டை யார் கண்காணிப்பது? அவருக்கு எந்த நம்பிக்கையில் பத்தாயிரம் கொடுப்பது?

அதனால் கிட்டங்கியை ஏதோ மலிவு விலை லாட்ஜ் என்று நினைத்துவிடக் கூடாது. தங்குமிடம், கோயில், பயிற்சிப் பள்ளி, கடன் தகவல் நிலையம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இயந்திரம் அது. பையனைத் தாங்கிப் பிடித்ததும் அதுதான், அவனை இறுக்கிப் பிடித்ததும் அதுதான்.

கிட்டங்கி கொடுக்காதது

இனி மறுபக்கம்.

1930 வாக்கில் பர்மாவில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. எல்லாமே ரங்கூனில் இல்லை. ஐராவதி டெல்டாவின் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு செட்டியார் கடை இருந்தது. அங்கிருந்தவர்கள் பர்மிய மொழி நன்றாகவே பேசினார்கள், பேசாமல் தொழில் நடக்காது. ஆனால் அது எந்தப் பர்மிய மொழி? வட்டி, தவணை, ஈடு, அறுவடை, வாய்தா. கடன் கொடுக்கும் மொழி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விசாரிக்கிற மொழி, ஒரு சாவு வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரிந்த மொழி, கடைத்திண்ணையில் வராது. அது அடுத்தவர் வீட்டு அடுப்பங்கரையில்தான் வரும்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930இல் அரிசி விலை சரிந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் ஒவ்வொன்றாகச் செட்டியார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938க்குள் அது 25 சதவீதம். பலருக்கு அந்த நிலம் வேண்டியதே இல்லை, பணம்தான் வேண்டியிருந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மியருக்கு அந்த வித்தியாசத்தைப் பற்றி என்ன கவலை? அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்: என் தாத்தா திருத்திய வயல் இன்று அந்நியர் பேரில்.

1930 மே மாதம் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம். அந்த ஆண்டு டிசம்பரில் சாயா சான் கிளர்ச்சி. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1938இல் மறுபடி கலவரம். 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தும் கப்பலிலும் வெளியேறினார்கள். விடுதலைக்குப் பிறகு 1948இல் நில தேசியமயச் சட்டம். 1963இல் வங்கிகள் தேசியமயம். நாலு தலைமுறைச் சொத்து காகிதமாகிப் போனது. பள்ளத்தூரில் இன்றும் பெட்டகத்தின் அடியில் பர்மா நிலப் பத்திரங்களை வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

இதெல்லாம் கிட்டங்கியால்தான் வந்தது என்று சொன்னால் அது சோம்பேறித்தனமான விளக்கம். காலனி ஆட்சியின் சட்டம், உலகச் சந்தை, நிலத்தை ஈடாக வைக்கும் முறை இவைதான் பெரிய காரணங்கள். கடன் கொடுத்தவனை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்கிற கடன்காரன் எந்த ஊரிலும் இல்லை. கிட்டங்கியே இல்லாமல் போயிருந்தாலும் நிலம் கை மாறியிருக்கும், கோபமும் வந்திருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். நூறு வருஷம் ஒரு நாட்டில் இருந்தும், நெருக்கடி வந்தபோது 'இவர் எங்க வீட்டு மனுஷர்' என்று சொல்ல அங்கே பெரிய எண்ணிக்கையில் ஆள் இல்லை. சில செட்டியார்களுக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்ததும் உண்டு. ஊரில் அதைத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள், கணக்கில் அது ஏறாது. பொருள்கள் மட்டும் தடையில்லாமல் வந்தன. வீட்டைத் தாங்கும் தேக்குத்தூண் பர்மாவிலிருந்து வந்தது. அரக்குப் பூசிய மரவைகள் பர்மாவிலிருந்து வந்தன. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இனிப்பாகப் பரிமாறும் கவுனி அரிசி, பர்மாவிலிருந்து வந்தது என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சோற்றை எப்படி வடிப்பது என்று சொல்லிக்கொடுத்த பர்மியப் பெண்ணின் பெயர் என்ன? நான் கேட்ட எந்த வீட்டிலும் பதில் கிடைத்ததில்லை.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

இதே பள்ளத்தூரில் இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. மன்னார்குடியில் பிறந்த ஒரு பெண் குழந்தையை அவள் தாய் பள்ளத்தூருக்குக் கூட்டி வந்தார். தாய்க்கு வீட்டு வேலை. அவர்களுக்கு இங்கே கிட்டங்கி இல்லை, சொந்தக்காரர் இல்லை, சொந்தச் சமையல்காரர் இல்லை. அடுத்தவர் வீட்டு அடுப்படி வழியாகத்தான் இந்த ஊருக்குள் நுழைந்தார்கள். வளவில் பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள், எங்கே இழுக்கிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் குழந்தையின் காதில் விழுந்தது. 'பள்ளத்தூர் பாப்பா' என்று நாடக மேடை ஏறிய அந்தப் பெண்தான் மனோரமா. பிற்பாடு தமிழ்நாடே அவரை 'ஆச்சி' என்று கூப்பிட்டது. அது பிறப்பால் கிடைத்த பட்டம் இல்லை.

இதை இனிமையான கதையாக மட்டும் சொல்லிவிடக் கூடாது. வறுமையில் வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டு வரும் வசதி இல்லை, அதனால்தான் பழகினார்கள். கையில் பணமும் பின்னால் அமைப்பும் இருக்கிறவன் பழக வேண்டிய கட்டாயம் இல்லாமல் தப்பித்துக்கொள்கிறான். மங்கோலியாவுக்குப் போகும் தன்னார்வலர்களை வேண்டுமென்றே ஒரு குடும்பத்துக்குள் தள்ளிவிடுவதும் இதற்காகத்தான். தப்பிக்கும் வழியை அடைத்தால்தான் காது திறக்கும்.

இன்றைய கிட்டங்கிகள்

2006இல் நான் நியூ ஜெர்சியில் ஒரு ப்ராஜெக்ட்டுக்காக இருந்தேன். ரெண்டு படுக்கையறை அப்பார்ட்மெண்ட், நாலு பேர். எல்லாருக்கும் பொதுவாக ஒரு ரைஸ் குக்கர். மளிகைச் செலவை எக்செல்லில் பிரித்துக்கொள்வோம். சாம்பார்ப்பொடி ஊரிலிருந்து வரும், வார இறுதியில் கோயில். பெட்டிக்குப் பதில் லேப்டாப், அவ்வளவுதான். எல்லாமே வசதியாக இருந்தது. பதினெட்டு மாசத்தில் ஓர் அமெரிக்கர் வீட்டு வரவேற்பறையைத் தாண்டி உள்ளே போனவர் எங்களில் ஒரே ஒருத்தர். அவர் கார் பனியில் மாட்டி, உதவி கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதால் நடந்தது அது. எங்கள் நாலு பேரில், திரும்பி வந்து இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஊரோடு தொடர்பில் இருப்பது அவர் மட்டும்தான்.

இப்போது செட்டிநாட்டுக்கே வருவோம். காரைக்குடி, பள்ளத்தூர்ப் பக்கம் கட்டட வேலைக்கும் ஓட்டலுக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து பையன்கள் வருகிறார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரே அடுப்பு. கடுகெண்ணெய் வாசம். ஒரே ஊர்க்காரர்கள், ஒருத்தரை ஒருத்தர் கூட்டி வந்தவர்கள். ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால். அவர்களுக்குத் தெரிந்த தமிழ்: சிமெண்டு, மணல், எவ்வளவு, நாளைக்கு. ஆகமொத்தம் அதுவும் கிட்டங்கிதான். ஒரே வித்தியாசம், பர்மாவில் செட்டியார் கடன் கொடுக்கும் இடத்தில் இருந்தார். இவர்கள் கூலி வாங்கும் இடத்தில் இருக்கிறார்கள்.

'அவனுங்க நம்ம கூடப் பழகறதே இல்ல' என்று எங்கள் ஊர் டீக்கடையில் அடிக்கடி கேட்கிறேன். எப்படிப் பழகுவார்கள்? பழகுவது என்பது வந்தவர் கையில் மட்டும் இருக்கும் வேலை இல்லை. அதற்கு ஒரு வீடு திறக்க வேண்டும். மங்கோலியக் கூடாரத்தில் வருகிறவனுக்கென்று ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கியிருக்கிறது: வந்தால் எங்கே உட்காரணும், என்ன குடிக்கணும் என்று. நம்ம வீடுகளில் முகப்புத் திண்ணை இருந்தது அதற்காகத்தான். அந்தத் திண்ணைகளில் பாதிக்கு இன்று கம்பிக் கதவு போட்டாயிற்று.

கடல் கடந்து போன பதினாலு வயசுப் பையனுக்காக நூறு வருஷம் பெருமைப்பட்ட ஊர் இது. ஒடிசாவிலிருந்து வந்திருக்கிற பையனுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான் இருக்கும், ரெண்டு மூணு கூட இருக்கலாம். அவனிடம் அவன் ஊர்ப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த தடவை அவன் நம்ம ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டிருப்பான். நான் கேட்ட பையன், முதலில் 'பல்லத்தூர்' என்றுதான் சொன்னான். ரெண்டு வாரத்தில் 'ள்' வந்துவிட்டது.